எதிர்வசனம்

லாபிஸ் பொதுமண்டபத் தரையில்
பூப்பந்துக் கோடுகள்.
பச்சைக் கோட்டைத் தாண்டாதீர்கள் என்றார்கள்,
கேமராவில் விழாதாம்.

நடிகர் தேர்வு.
ஜொகூர் பாருவிலிருந்து மூன்று பேர்,
ஒரு மடிக்கணினி, ஒரு பெட்டி மினரல் தண்ணீர்.
சம்பளம் உண்டு என்று அறிவிப்பில் இருந்தது.
அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

ஞாயிறு எனக்கு மில்லில் ஓய்வு.
மற்ற ஆறு நாளும் எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால்.
லோரி ஏறும், எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டு வரும், மறுபடி எழுதுவேன்.
கழித்தால் மிஞ்சுவது செம்பனைக் குலை.

சட்டையில் குத்திய எண் பதின்மூன்று.
கையில் ஒரு பக்கத் தாள்:
வாசலில் வட்டிக்காரன், உள்ளே ஒருத்தி.
அவள் கெஞ்ச வேண்டும்.

வட்டிக்காரன் வசனம் படிக்க வேண்டியவர்
யோங் பெங் தாண்டி டயர் வெடித்து நிற்கிறார்.
"யாருக்குத் தமிழ் தடுக்காமல் படிக்க வரும்?"
கை தூக்கியது என் தப்பு.

ஒன்றாம் எண், பள்ளி ஆசிரியை, அழுதே விட்டார்.
நாளைக்குள் வேணும், என்றேன்.
நான்காம் எண் முழங்காலில் விழுந்தாள்,
வெள்ளைக் கோட்டில் தோல் உரிந்தது.
நாளைக்குள் வேணும்.
ஏழாம் எண்ணுக்குச் சிரிப்பு வந்து
மன்னிப்புக் கேட்டு
மறுபடி கெஞ்சி மறுபடி சிரித்தது.
பதினொன்று, யஷ்வினி, குளுவாங்கிலிருந்து
காலை ரயிலில் வந்தவள்,
குரலை அவ்வளவு இறக்கினாள்,
நான் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.
நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

மதியத்துக்குள் என் தொண்டை தடித்தது.
யாரும் சொல்லாமலே இடது கை இடுப்புக்குப் போயிற்று.
பன்னிரண்டு வாசலில் நின்று கடன் கேட்டதில்
ஒன்று தெரிந்தது:
கேட்கிறவனுக்கும் கால் வலிக்கும்.

"பதின்மூன்று, தவமலர்!"
எனக்கு எதிர்வசனம் சொல்ல ஆளில்லை.
இயக்குநர் தயாபரன் தானே படித்தார்,
கறிபாப் மென்றபடி,
பேருந்து அட்டவணை வாசிப்பதுபோல.

எங்கள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்,
என் வீட்டுக்காரர் வாங்கிய எட்டாயிரத்துக்கு.
மறுநாள் வந்தவன் சின்னப் பையன்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
கெஞ்சத்தான் கதவைத் திறந்தேன்.
வாயில் வந்தது
"தண்ணி குடிக்கிறியா?"
குடித்தான்.
காசு போன மாதம்தான் அடைந்தது.
மூன்று தடவை பெயிண்ட் அடித்தும்
மழை நாளில் கதவு இளஞ்சிவப்பாகத் தெரியும்.

மண்டபத்திலும் அதுதான் வந்தது.
தயாபரன் மெல்லுவதை நிறுத்தினார்.
"அந்த வரி தாளில் இல்லையே."
"இல்லை சார்."
எதையோ எழுதிக்கொண்டார்.

பதினெட்டு நாள் கழித்துச் செய்தி வந்தது.
லோரி மேடைமேல் நிற்கிறது, இன்னும் எண் எழுதவில்லை.
வட்டிக்காரி வேடம் எனக்கு.
ஒரு காட்சிக்கு நூற்று எண்பது ரிங்கிட்,
பேருந்துக் காசு தனி.
வீட்டுக்காரி யஷ்வினி.
உங்கள் வரியை அவளுக்குச் சேர்த்திருக்கிறோம், நன்றி.
லோரிக்காரர் ஹார்ன் அடித்தார்.
தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

சிகாமட், பத்து பகாட், குளுவாங்.
ஒவ்வொரு ஊரிலும் அவள் கதவைத் திறந்து கேட்கிறாள்.
நான் கேட்டதைவிட அழகாகக் கேட்கிறாள்.
முதல் ஒத்திகையில் காலி டம்ளர் தந்தார்கள்.
தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னேன்,
ஒரு ஹெல்மெட்டும் கேட்டேன்.

முழுதும் குடித்த பிறகுதான் அடுத்த வசனம்.
அதுவரை அரங்கம் காத்திருக்கிறது.
தாடைப் பட்டை தடுக்கிறது,
பாதி கழுத்தில் வழிகிறது.
அந்தப் பையன் எப்படித்தான் குடித்தானோ.